கரையோரமாகப் போகிறவர்கள்

மினுக்கர் என்ற பெயர் அவருக்கு ஹாலோகிராம் தொழிற்சாலையில் விழுந்தது. ஆள் ஒன்றும் மினுக்கிக்கொண்டு திரிகிறவர் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையில் அவரைப் பார்த்தவர் கிடையாது. மருந்துப் பெட்டியிலும் சான்றிதழிலும் போலியைத் தடுக்க ஒட்டுகிறார்களே, சாய்த்தால் ஏழு நிறமும் ஓடுகிற வெள்ளி வில்லை, அதை அச்சடிக்கும் எந்திரத்தில் நின்றவர். அந்த வில்லையில் சாயம் ஒரு சொட்டுக்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத நெருக்கத்தில் கீறிய வரிகள்தான் ஒளியைப் பிரித்து நிறமாக்குகின்றன. வரி எந்தப் பக்கமாக ஓடுகிறது, அச்சு எங்கே தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் அவர் விளக்கடியில் ஒரு சாய்ப்புச் சாய்த்துச் சொல்லிவிடுவார்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. கல்யாணமான புதிதில் மனைவி வைத்த தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாராம். "ஏன், நான் சரியா கழுவலையா?" என்று அவள் கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டாராம். அந்த மனைவி இறந்தபின், கணவனை விட்டு வந்திருந்த தங்கையின் வீட்டு மாடியறைக்குக் குடி வந்தார். தங்கை தையல்காரி. கீழே முன்னறையில் மிதிமெஷின் ஓடும் சத்தம் மாடித் தரைவழியாக அவருடைய கட்டிலுக்கு ஏறி வரும். அது நின்றால்தான் அவருக்கு விழிப்பு வரும்.

தொழிற்சாலை மூடியபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. இனி யார் வேலை தரப்போகிறார்கள் என்று இருந்தவரைத் தேடி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. அங்கேயும் வரி கீறுகிற வேலைதான். நிக்கல் அச்சைச் சூடான உருளையில் மாட்டி, மெல்லிய பிளாஸ்டிக் சுருளை அதன்கீழ் ஓட்டி அழுத்த வேண்டும். எந்திரம் ஏறக்குறைய அவர் பழகியதுதான். வரிகள் மட்டும் இன்னும் பல மடங்கு நெருக்கமானவை.

முதல் நாள் பிளாஸ்டிக் தகடு உருளையிலிருந்து வந்தவுடன் வழக்கம்போல விளக்கடியில் சாய்த்தார். நிறம் வரவில்லை. மறுபக்கம் சாய்த்தார். வரவில்லை. ஆளில்லாத வீட்டு ஜன்னல் கண்ணாடியைப் பார்ப்பதுபோல இருந்தது. அச்சு விழவில்லை என்றே நினைத்து எந்திரத்தை நிறுத்தப் போனார்.

ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் நாற்பது வயதுப் பெண்மணி. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பார், பிறகு அதையே தேடுவார். எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். அச்சு விழுந்திருக்கிறது. வரிகள் ஒளியால் பிரித்தறிய முடியாத அளவு நெருங்கிவிட்டன, அவ்வளவுதான். கண்ணுக்கு அது வழவழப்பு, விரலுக்கும் வழவழப்பு.

"அப்போ இதை யாருதான் மேடம் படிக்கிறது?"

"படிக்கிறவங்களைக் காட்டுறேன், வாங்க சார்."

உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டிக்குள் நுண்ணோக்கி இருந்தது. அதில் பிடித்த படத்தைத் திரையில் ஓட்டினார். ஒரு நாள் முழுக்க நடந்தது சில நொடிகளில் ஓடியது. வழவழப்பான தட்டில் தோல் செல்கள் கண்ணைக் கட்டிவிட்ட பிள்ளைகள் மாதிரி இருந்தன. இந்தப் பக்கம் ஒரு காலை நீட்டும், பின்வாங்கும், திரும்பும், தன்மேலேயே இடறும். அடுத்த படம் வரி கீறிய தகடு. அதே செல்கள். ஆனால் உடம்பை நீட்டி மெலிந்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. தகட்டில் ஒரு கோடும் தெரியவில்லை. வெறும் வெளியில், ஏதோ கூப்பிட்டதுபோல அவை போயின.

மினுக்கர் திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"யாரு சொல்லி இப்படிப் போகுதுங்க?"

"யாரும் சொல்லல. தரை சொல்லுது."

வரியின் மேட்டில் மட்டும்தான் செல்லின் கால் பிடிமானம் கொள்கிறது. பிடித்த இடத்தில் இழுவிசை உண்டாகிறது. அந்த இழுப்பு கயிறு கட்டியதுபோல உள்ளே உட்கருவரை போய்ச் சேர்ந்து, நீள், நட, பெருகு, நில் என்று கட்டளையாக மாறுகிறது. முன்னே போவது பின்னே வருவதைத் தொட்டு இழுத்துச் சேதி சொல்கிறது. இதையெல்லாம் மேடம் பொறுமையாக விளக்கினார். காலில் மிதிபடுவது தலைக்கு ஏறிவிடுகிறது என்று மினுக்கர் புரிந்துகொண்டார்.

அதன்பிறகு சில நாள் அவருக்குத் தரைமேல் ஒரு சந்தேகம் இருந்தது. ஆய்வுக்கூடத்து வாசலில் செருப்புத் தூசியை இழுத்துக்கொள்ளும் ஒட்டுப்பாய் ஒன்று உண்டு. சாயங்காலம் அதை உரிக்கும்போது பார்ப்பார்: எத்தனை பேர் நுழைந்தாலும் எல்லார் காலும் ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் பதிந்திருக்கும். பாயின் வலது பாதியில் ஒரு சுவடுகூட இராது. ஏன் என்று யாரையும் கேட்கவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே வலப்பக்கமாகக் காலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் அவர் கால் பழைய இடத்துக்கே போயிற்று.

தங்கையின் காலில் புண் வந்தது அந்த வருடம்தான். சர்க்கரை உடம்பு. மெஷினின் மிதிப்பலகை விளிம்பில் கணுக்காலில் கீறியது, வாய் திறந்ததுபோல நீளவாட்டில் ஒரு புண்ணாக நின்றுவிட்டது. களிம்பு, கட்டு, ஊசி எல்லாம் ஆயிற்று. எருமைமாட்டு மேல் மழை பெய்தமாதிரி அது அசையவே இல்லை. எலும்பைத் தொட்டுவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று அறுவை மருத்துவர் சொன்னபோது அவள் அழவில்லை. ஒற்றைக் காலால் மெஷின் மிதிக்க முடியுமா என்று மட்டும் விசாரித்தாள்.

வரித்தகடு அப்போதுதான் ஆறாத புண்களில் வைத்துப் பார்க்கும் கட்டத்துக்கு வந்திருந்தது. கணக்கு எளிமையானது. புண்ணின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் குறுக்கே ஓடும்படி வரிகளை வைத்தால், இரு கரையின் செல்களும் அதன்வழியே நடந்து நடுவில் சந்திக்கும், புண் மூடும். மினுக்கர் மேடத்திடம் கேட்டார். அவர் வாழ்க்கையில் தனக்கென்று இன்னொருவரிடம் கேட்ட காரியங்கள் மிகக் குறைவு. இது அதில் ஒன்று. மருத்துவர்கள் பார்த்து ஒத்துக்கொண்டார்கள்.

"கைப்புண்ணுக்குத்தான் கண்ணாடி வேணாம்னு சொல்லுவாங்க," என்றாள் தங்கை. "என் கால்புண்ணுக்கு உங்க பூதக்கண்ணாடி எல்லாம் வேண்டியிருக்கு பாரு."

அதுவரை தகடுகளை நீளத் துண்டுகளாகவே வெட்டினார்கள். நீளம் எந்தப் பக்கமோ வரியும் அந்தப் பக்கம், யாருக்கும் குழப்பமில்லை. கணுக்காலின் வளைவுக்கு நீளத் துண்டு உட்காராது என்பதால் இவளுக்குச் சதுரமாக வெட்டச் சொன்னார்கள். சதுரத்தில் வரி எந்தப் பக்கம் என்று யார் கண்டது? அதனால் ஒரு விதி வைத்தார்கள்: வரி மேலும் கீழுமாக இருக்கும்படி தகட்டை வைத்து, வலது மேல்மூலையைச் சிறிதாக வெட்டிவிட வேண்டும். கட்டிலில் நீட்டிய காலுக்குப் பக்கவாட்டில் நின்று, அந்த மூலை வலது மேலே வரும்படி நர்ஸ் வைத்துவிடுவார்; வரி புண்ணுக்குக் குறுக்கே விழும். உருளையில் தகடு ஓடிவரும் திசைதான் வரியின் திசை என்பதால் மினுக்கருக்கு அதில் சிரமம் இல்லை. கண்ணாடிப் பலகைமேல் வைத்து, கத்தரியால் ஒரு நறுக்கு. தங்கைக்கான தகடு என்று இன்னும் கவனமாகவே வெட்டினார்.

தகடு வைத்த மறுநாளே அவள் ஒன்று சொன்னாள்.

"அண்ணா, காலுக்குள்ள நடமாட்டம் இருக்கு."

குறுகுறுப்பு இருந்தால் நல்லதுதான், ஆறுகிற அறிகுறி என்று அவர் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். குறுகுறுப்பு வேறு, இது வேறு என்றாள். வாசலில் உட்கார்ந்திருக்கும்போது தெருவில் கூட்டம் போனால், பார்க்காமலே தெரியுமே, அப்படி.

"வீட்டுக்குள்ள வர்றாங்களா?" என்று அவர் வேடிக்கையாகக் கேட்டார்.

"இல்ல. ஓரமாவே போறாங்க."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அடுத்த வாரமும் அதையே சொன்னபோது தெரிந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள், கை நின்றுவிடும், தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காலைக் கேட்பாள். ஆமாம், கேட்பாள், வேறு சொல் அதற்குச் சரிப்படாது. எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று அவர் கேட்டதற்கு, முழங்கால் பக்கமிருந்து பாதத்துப் பக்கம் என்று சுட்டிக் காட்டினாள். சிலர் எதிர்த்திசையிலும் போகிறார்களாம். ஒருத்தரும் குறுக்கே மட்டும் வருவதில்லையாம். ஜுரத்தில் பேசுகிறாளோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஜுரம் இல்லை.

புண் மூடவில்லை. அதன் இரு கரைகளும் வரப்புக் கட்டியதுபோலத் தடித்தன. நடுவில் அந்த வாய் அப்படியே திறந்திருந்தது.

புண்ணிலிருந்து எடுத்த பழைய தகடு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வரும். கரையோரத்துச் செல்கள் சில அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். முழங்கால் எந்தப் பக்கம் என்று நர்ஸ் தகட்டின் முதுகில் பேனாவால் ஓர் அம்பு போட்டு அனுப்புவார். ஒரு முற்பகலில் மேடம் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பிறகு மினுக்கரைக் கூப்பிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

அவர் குனிந்து பார்த்தார். சாயமேற்றிய செல்கள் பச்சையாகத் தெரிந்தன. கரையை ஒட்டி, கரைக்கு இணையாக, ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு மெலிந்து கிடந்தன. திறந்த பள்ளம் பக்கத்திலேயே இருக்க, ஒன்றுகூட அந்தப் பக்கம் காலை நீட்டவில்லை. திறந்திருக்கும் கதவைத் திரும்பிப் பார்க்காமல் தெருவோடு போகிறவர்கள் மாதிரி. தங்கை சொன்ன சொல் அவர் காதில் விழுந்தது. கண்ணை எடுத்துவிட்டார்.

"வரி குறுக்கே இல்ல சார்," என்றார் மேடம். "புண்ணோட நீளத்துக்கே ஓடுது. எங்கேயோ கால்வாசி வட்டம் திரும்பியிருக்கு. நர்ஸைக் கேட்டேன், மூலையைச் சரியா வலது மேலதான் வெச்சேன்னு சொல்றாங்க."

அடுத்த தகடு கண்ணாடிப் பலகைமேல் கிடந்தது. மினுக்கரின் கை தானாக அதன்மேல் போயிற்று. வரி விழுந்த முகம் மேலே பார்த்திருந்தது. வெட்டிய மூலை வலது மேல்பக்கம். எல்லாம் சரி. அதைப் புண்ணின்மேல் கவிழ்ப்பதுபோல மெல்லக் கவிழ்த்தார். மூலை இடது பக்கம் போய்விட்டது. அதை வலப்பக்கம் கொண்டுவர, நர்ஸ் செய்திருக்கக்கூடியபடியே, கால்வாசி வட்டம் திருப்பினார். மேலும் கீழுமாக ஓட வேண்டிய வரிகள் இப்போது படுத்துவிட்டன.

ஹாலோகிராம் வில்லையின் முகம் பார்க்கிறவரை நோக்கித்தான் இருக்கும். முகத்தைக் கவிழ்த்துக் கீழே வைத்தால் கீறல் விழும். அதனால் முகம் மேலே இருக்கவே வெட்டுவார்கள். அதையே செய்து செய்து வேறு விதம் ஒன்று உண்டு என்பதே அவர் கைக்கு மறந்திருந்தது. இந்தத் தகட்டைப் பார்க்கப்போவது புண். முகம் அதை நோக்கிக் கவிழ்ந்துதான் கிடக்கும்.

கத்தரியைக் கையில் எடுத்து, மறுபடி வைத்தார்.

"என் கைதான் மேடம்."

மேடம் தகட்டை வாங்கித் தானும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. எந்தப் பக்கத்தைப் பார்த்து வெட்ட வேண்டும் என்று விதியில் தான் எழுதவே இல்லை என்றார். நீளத் துண்டுக்கு அந்தக் கேள்வியே இல்லாததால் சதுரத்துக்கும் தோன்றவில்லையாம். அப்படியானால் சரியாக வெட்டி வைத்துவிட்டால் ஆயிற்று என்று மினுக்கர் சொன்னபோது மேடம் கொண்டையில் பென்சிலைத் தேடினார்.

சிக்கல் மறுநாள் தெரிந்தது. தகட்டில் வந்த செல்கள் சிலவற்றைச் சுரண்டி, ஒரு வரியும் இல்லாத வழவழப்பான தட்டில் மேடம் விட்டிருந்தார். படத்தை ஓட்டினார். தடுமாறித் திரிய வேண்டியவை அவை. ஆனால் கீறாத தரையில் கீறல் இருப்பதுபோல நேராகப் போயின. பக்கத்தில் வேறு சில செல்கள் விடப்பட்டிருந்தன, தகட்டையே அறியாதவை. சற்று நேரம் அவை தம் போக்கில் திரிந்தன. பிறகு ஒன்று, முன்னே போகிறதன் வாலைத் தொட்டது. அதன் உடம்பு நீண்டது. அதுவும் வரிசையில் சேர்ந்துகொண்டது. அதன்பின் இன்னொன்று.

"பழகிடுச்சு," என்றார் மேடம். "தரையை எடுத்துட்டாலும் கொஞ்ச நாளைக்கு மறக்காது. எவ்வளவு நாளைக்குன்னு எனக்குத் தெரியல. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

அறுவை மருத்துவரிடம் இருவரும் போனார்கள். அவர் கரையைச் சுரண்டிப் புதிதாக்கி, இன்னும் ஒரே ஒரு தகடு வைக்கலாம் என்றார். அதற்கும் மூடாவிட்டால் பாதம் போகும். காத்திருந்தால் காலே போகும்.

இதை வீட்டில் சொல்ல வேண்டும். மினுக்கர் அன்று பேருந்தில் வராமல் நடந்தே வந்தார். பாதித் தூரம் வந்தபின்தான், நடைபாதையின் நடுவில் இடமிருக்கச் சுவரோரமாகவே வந்துகொண்டிருப்பதைக் கவனித்தார். நடுவுக்கு வந்தார். கொஞ்ச தூரத்தில் தோள் மறுபடி சுவரை உரசியது.

தங்கை காலை முக்காலிமேல் நீட்டி, யாருடைய சட்டைக்கோ கையால் நூலோட்டிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்போ ரெண்டு கையையும் இடது கையா வெட்டிட்ட."

தையல் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறை செய்வதுதான் அது. துணியின் உள்பக்கம் வெளிப்பக்கம் பார்க்காமல் வெட்டி, சட்டைக்கு இரண்டு இடது கைகளோடு நிற்பார்கள்.

"எனக்குக் கத்துக்குடுத்தவங்க ஸ்கேலால அடிச்சே சொல்லிக்குடுத்தாங்க. உன்னை யாரும் அடிக்கல, அதான்," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு அவள் முகத்திலிருந்து அது போயிற்று.

"அண்ணா. அப்ப நான் சொன்னது நெசமா?"

அவர் முக்காலிமேல் நீட்டியிருந்த அவள் காலைப் பார்த்தார்.

"ஓரமாவே போயிட்டிருந்தாங்க, இல்ல?"

"மைக்ரோஸ்கோப்புல அப்படித்தான் தெரிஞ்சுது."

"திருப்பி வெச்சா, சொல்றதைக் கேப்பாங்களா?"

"தெரியலம்மா."

அவள் சட்டையை மடித்து வைத்தாள். ஒருவேளை அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. வெளியே காய்ந்த துணிகளை எடுத்து வரச் சொன்னாள்.

கடைசித் தகட்டை மினுக்கர், மேடம் பக்கத்தில் நிற்க, வரி விழுந்த முகம் கீழே இருக்கும்படி மெத்தென்ற தாள்மேல் கவிழ்த்து வைத்து வெட்டினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதை வைக்கும்போது மூன்று பேரும் குனிந்து மூலையைப் பார்த்தார்கள். பார்த்து என்ன, வரி யார் கண்ணுக்கும் தெரியாது.

முதல் சில நாள் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்ற பயம். ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தபோது, அவள் நல்ல காலால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று காலை எடுத்துவிட்டு, பேசாதே என்பதுபோல அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். மிதிப்பார் இல்லாமல் சக்கரம் சற்று நேரம் தானாகச் சுற்றியது. பிறகு நின்றது. தெருச்சத்தம்கூட இல்லை.

"முட்டிக்கிறாங்க," என்றாள் மெதுவாக.

"யாரு?"

"ஓரமா போறவங்க இன்னும் போறாங்க. வேற கொஞ்சம் பேர் குறுக்க வர்றாங்க. ரெண்டு கூட்டமும் இடிச்சுக்குது. வழி விட மாட்டேங்குதுங்க."

வலிக்கிறதா என்று கேட்டார். வலி இல்லை, ஆனால் தன் காலில் தனக்கே நிற்க இடமில்லாத மாதிரி இருக்கிறது என்றாள். அன்று முதல் அவர் அவளைத் தனியாக விடவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் நேரம் தவிர முன்னறையிலேயே உட்கார்ந்து பித்தான் பிரித்துக் கொடுத்தார், நூற்கண்டு சுற்றினார். அவள் கை நிற்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்த்தார். "சுத்தறாங்க," என்பாள் சில சமயம். "இப்ப எல்லாரும் சுத்தறாங்க." அவ்வளவுதான் சொல்வாள்.

தகடு எடுக்கும் நாள் நல்ல வெயில். கட்டு அவிழ்க்கும் அறையில் ஜன்னல் திரையை விலக்கியிருந்தார்கள். நர்ஸ் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தார். மினுக்கர் முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் "அட" என்றதும் திரும்பினார்.

புண் மூடியிருந்தது. ரோஜா நிறத்தில் புதுத்தோல் இரு கரையையும் சேர்த்திருந்தது. ஆனால் இந்த வகைப் புண் மூடும்போது நடுவில் ஒரு நேர்க்கோடாகத் தழும்பு விழும். இது அப்படி இல்லை. தொட்டியில் தண்ணீர் வடியும்போது சுழலுமே, அதுபோல ஒரு சுழியாக இருந்தது. கரையோரத்தில் நீளமாகத் தொடங்கி, வளைந்து வளைந்து, நடுவில் ஒரு புள்ளியில் போய் முடிந்தது. மருத்துவர் அழுத்திப் பார்த்து, பாதம் பத்திரம் என்றார். தழும்பு எப்படி இருந்தால் என்ன, காலைக் காட்டிக்கொண்டா திரியப் போகிறீர்கள் என்று சிரித்தார். தங்கையும் சிரித்தாள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார். எல்லா வரியும் நேர்வரிதானே, வளைவு எங்கிருந்து வந்தது என்று மினுக்கர் கேட்டதற்கு, "அதுங்களாவே முடிவு பண்ணிக்கிட்டது," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் மிதிப்பலகைமேல் வைத்தாள். வைத்தவள் மிதிக்கவில்லை.

அவர் வாசலருகில் நின்றார். "இன்னும் நடக்கிறாங்களா?"

"இல்ல. நடக்கல."

முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவள் குனிந்து தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்து மூடியிருந்தாள், தூங்குகிற குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல.

"போயிடல, அண்ணா. எல்லாரும் நின்னுட்டாங்க. நடுவுல ஒரு இடத்தைப் பார்த்து நிக்கிறாங்க."

பிறகு அவள் மிதிக்கத் தொடங்கினாள்.